கரடிப்பொட்டலார் நங்கூரம் வாங்கியது

கரடிப்பொட்டல் கடலிலிருந்து வெகு உள்ளே தள்ளியிருக்கும் மானாவாரி ஊர். சரித்திரம் எழுதியவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஊரார் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வூர் செந்தட்டி முதன்முதலாகக் கடலைப் பார்த்தது தன் கல்யாணத்தன்று காலையில். பெண் எதிரே தெரிந்த தீவில் இருந்தாள். அவளுடைய அப்பா தாராள மனசுக்காரர். ஊர் ஊராய்ச் சுற்றுவதற்காக வைத்திருந்த தன் பாய்மரப் படகையே அனுப்பி, கூடவே சொல்லியும் விட்டிருந்தார்: காற்று நேரே தீவுக்குத்தான் அடிக்கிறது, பாயை விரித்தால் போதும். ஆனால் படகின் பழைய நங்கூரம் தொலைந்துவிட்டது, நல்லதாக ஒன்று வாங்கி வரவும். உச்சிப்பொழுதுக்குள் வராவிட்டால் அடுத்த முகூர்த்தம் தை பிறந்த பிறகுதான்.

செந்தட்டிக்குத் தை வரை பொறுக்கிற எண்ணம் இல்லை. மாலையும் கழுத்துமாகப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவர்கள் வழக்கப்படி, புறப்பட்டுவிட்ட மாப்பிள்ளை தாலி கட்டும் வரை பழைய மண்ணில் கால் வைக்கக் கூடாது. ஆகையால் நங்கூரம் வாங்கும் பொறுப்பு அவனுடைய தாய்மாமன்மார் மூவரிடம் போயிற்று. மூத்தவர் கொம்பையா, நடுவிலவர் உக்கிரபாண்டி, இளையவர் வேலாண்டி.

துறையிலேயே சாகுல் மரைக்காயரின் கடை இருந்தது. அவர் விதவிதமாக எடுத்துப் போட்டார். கொக்கி போல ஒன்று, கலப்பை போல ஒன்று, குடை போல ஒன்று. கொம்பையா கலப்பையைப் பார்த்ததும் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, அது மணலுக்கு உள்ளது" என்றார் மரைக்காயர். "அந்தத் தீவைச் சுத்தி முழுக்கப் பாறை. கொக்கி போட்டதை எடுங்க."

மூவரும் ஒதுங்கி நின்று யோசித்தார்கள்.

"நிலம் சரியில்லேன்னா நாம கலப்பையையா மாத்துவோம்?" என்றார் உக்கிரபாண்டி.

"எந்தக் கிறுக்கன் மாத்துவான்? நிலத்துக்கு வண்டல் அடிப்போம்" என்றார் கொம்பையா.

"அப்ப மணல் அடிப்போம்."

அப்படியே செய்தார்கள். கலப்பை நங்கூரத்தையே வாங்கிக்கொண்டு, கூடை கூடையாக மணல் சுமந்து படகில் கொட்டினார்கள். தீவு வந்ததும் முதலில் மணலைக் கடலில் தட்டிவிட்டு, அதன் மேல் நங்கூரத்தைப் போடுவதென்று ஏற்பாடு. செந்தட்டி மணலுக்கு இடம் விட்டு விட்டுக் கடைசியில் படகின் பின்மூலையில் ஒடுங்கினான்.

அதைப் பார்த்த மரைக்காயர் வாய் தவறி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். "படகு கனத்துக்குத் தக்க நங்கூரம் வேணும் அண்ணாச்சி. இவ்வளவு மணலுக்கு இந்தச் சின்னது பத்தாது."

பெரியது வாங்கினார்கள். பெரிய நங்கூரம் ஆழமாக இறங்குமல்லவா? அதற்கு இன்னும் மணல் வேண்டியிருந்தது. மணல் ஏறியதும் படகு கனத்தது. இன்னும் பெரியது வாங்கினார்கள். கடையில் அதைவிடப் பெரியது இல்லாமல் போனதால்தான் இந்தக் கணக்கு ஒரு முடிவுக்கு வந்தது.

"மாமா, வெயில் ஏறுது" என்று செந்தட்டி கூப்பிட்டான்.

"ஏறட்டும் மாப்ளே. கல்யாணத்துல அவசரம் ஆகாது."

எங்கே வைப்பது என்று மரைக்காயரையே கேட்டார்கள். "கைக்கு எட்டுற இடத்துல வைங்க. கால்ல இடறாமப் பாத்துக்கிடுங்க" என்றார் அவர்.

"கைக்கு எட்டணும், காலுக்கு எட்டக் கூடாது" என்று கொம்பையா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அப்ப அது தலைக்கு மேலதானே இருக்கணும்?"

"உறி கட்டணும்னு சொல்லுதாரு" என்றார் வேலாண்டி. "அதை நேராச் சொன்னா என்ன?"

பாய்மரத்துக்கு முன்னால் கயிற்றில் உறி கட்டி நங்கூரத்தை ஏற்றினார்கள். அது அழகாக ஆடியது. கூடவே படகும் ஆடியது.

"மாமா, விழுந்துரும் போல இருக்கே!"

"வாயைக் கழுவுலே. தயிர்ச்சட்டி விழுந்திருக்கா?"

கயிறு அறுந்தது. நங்கூரம் படகின் முன்பக்க மணலில் பொத்தென்று உட்கார, முன்முனை அமிழ்ந்து கரையோரத் தரையில் தட்டி நின்றது. அதற்குப் பிடித்த இடத்தை அதுவே எடுத்துக்கொண்டது என்று மூவரும் திருப்திப்பட்டார்கள். பாயை விரித்தார்கள். காற்று நிறைந்து பாய் புடைத்தது. படகு அசையவில்லை.

"அண்ணே, நங்கூரத்தை இன்னும் கடல்லயே போடலியே?"

"போடாமலே இப்படிப் பிடிக்குது" என்றார் கொம்பையா, பயபக்தியுடன். "போட்டா நம்ம பேரப்பிள்ளைக காலத்துலகூடக் கிளப்ப முடியாது."

"மரைக்காயரு ரொம்பப் பலமானதைத் தலையில கட்டிட்டாரு."

மூவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்கள்.

"கொஞ்சம் பலம் குறைஞ்சதா ஒண்ணு குடுங்க மரைக்காயரே."

மரைக்காயர் அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க படகு போவுது."

பாரம் இறங்கியதும் முன்முனை நிமிர்ந்திருந்தது. மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. "மாமா! மாமா!" என்று கத்தியபடி செந்தட்டி தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். போகப் போகக் குரலில் மாமாவைக் காட்டிலும் சந்தோஷம் அதிகமாகக் கேட்டது. படகு மணல் பாரத்தோடு தீவின் கரையில் போய் ஏறிக்கொண்டது. உச்சிக்கு முன் தாலி கட்டியாயிற்று என்று மேளச் சத்தம் தெரிவித்தது.

மாமன்மார் வேறொரு கவலையில் இருந்தார்கள்.

"நங்கூரம் இல்லேன்னதும் படகு போயிட்டுது, பாத்தியளா?"

"பாத்தோம்."

"நாம நிக்கிற இந்தக் கரை? அதுவும் தண்ணிய ஒட்டித்தானே கிடக்கு?"

வேலாண்டி காலடியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தார்.

நேரத்தை வீணாக்கவில்லை. நங்கூரத்தை மணலில் ஆழப் புதைத்து, கயிற்றை மூவரும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். விருந்துக்கு அழைத்துப்போகத் தீவிலிருந்து சம்மந்தி வீட்டுப் படகுக்காரர் வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மாமா, இலை போட்டாச்சு."

"எப்படி வர? நாங்க விட்டா இந்தக் கரை மொத்தமும் போயிரும். கடை, தென்னை, மரைக்காயரு எல்லாம்."

படகுக்காரர் சிரித்தார்.

"சிரியும்வே" என்றார் கொம்பையா. "சுத்தித் தண்ணியா இருக்கே, உங்க தீவுக்கு நங்கூரம் போட்டிருக்கா? காலையில பாத்ததுக்கு இப்ப தள்ளியில்லா நிக்குது!"

படகுக்காரர் திரும்பித் தீவைப் பார்த்தார். கையை நெற்றிக்கு வைத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு நேரே மரைக்காயர் கடைக்குள் போனார்.