ஆளில்லாத கொட்டிலில் முதல் அடி

மலைச்சரிவுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடந்த சாரல் நாட்டை அந்நாளில் வளவதரையன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு ஊர் ஒன்றைத் தானமாகக் கொடுப்பான். மாலையில் அவன் தும்மிய விதம் பிடிக்கவில்லை என்று அதைப் பிடுங்கிக்கொள்வான். இரண்டையும் சரி என்றே சாதிப்பான். தான் தவறு செய்ததாக அவன் வாய் ஒருநாளும் சொன்னதில்லை.

அரசி இறந்துவிட்டாள். மகள்கள் மணமாகித் தொலைவான நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அவனருகே வந்தவர் எல்லோரும் எதையாவது கேட்கவே வந்தார்கள். எதுவும் கேட்காமல் வந்தது புகையன் ஒன்றுதான். சாம்பல் நிறமும் நரைத்த மூக்கும் கொண்ட கிழட்டு வேட்டை நாய் அது. பகலில் மற்ற நாய்களோடு அரண்மனைக் கொட்டிலில் கிடக்கும். விளக்கேற்றியதும் மன்னனின் கட்டிலடிக்கு வந்துவிடும்.

ஒருநாள் அயல்நாட்டுத் தூதர்கள் அவையில் அமர்ந்திருந்தனர். "மலை பெயர்ந்தாலும் பெயராத மன்னவ" என்று புலவர் இழுத்துப் பாடிய அந்நொடியில், மன்னனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தெள்ளுப்பூச்சி கடித்தது. மலை பெயரவில்லை, மன்னன்தான் பெயர்ந்தான். அரியணையை விட்டுத் துள்ளி எழுந்து, இரு கைகளாலும் காலைச் சொறிந்தான். தூதர்கள் தாடிக்குள் சிரித்தார்கள்.

அலங்கார அதிகாரியான விழுப்பரையர் அந்த வேளைக்காகவே காத்திருந்தவர். மன்னனின் மாலைப் பொழுதுகள் முன்பு அவருடையவையாக இருந்தன. புகையன் வந்தபின் அவரை அழைப்பார் இல்லை.

"நாய் இருக்குமிடத்தில் தெள்ளு இருக்கும், அரசே. நாய் போனால் தெள்ளும் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். காலியாகும் கொட்டிலைத் திருத்தித் தமக்கே வீடாகத் தந்தால், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அமைச்சர் இளநாகர் வாய் திறந்தார். "உம்மைக் கேட்கவில்லை" என்றான் மன்னன். நாய்கள் அத்தனையும் அன்றே ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வேட்டுவர் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டன. கொட்டில் விழுப்பரையருக்கு என்று முடிவானது.

ஆணையை மறுத்தால் மன்னன் அதை இன்னும் இறுக்கிப் பிடிப்பான் என்பதை அமைச்சர் அறிவார். ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம் செய்தார். கொட்டிலைப் பூட்டிவைக்க வேண்டும். வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து, விழுப்பரையரே வெண்பட்டு உடுத்தி, அவையோர் காண வலக்காலை வைத்துக் குடிபுக வேண்டும். இத்தனை மரியாதையை அமைச்சரிடம் எதிர்பாராத விழுப்பரையர் மனம் குளிர்ந்துபோனார்.

அதன்பின் அரசனின் அறை மிகவும் சுத்தமாக இருந்தது. கட்டிலிலிருந்து காலைக் கீழே விட்டால் கல்தரை மட்டுமே தட்டுப்பட்டது. விழுப்பரையர் மாலைதோறும் வந்து பேசினார், மன்னன் தலையாட்டினான், எதைப் பற்றிய பேச்சு என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

ஒருநாள் இளநாகர், வேறெங்கோ பார்த்தபடி, புகையன் சோறு தின்பதில்லையாம், அரண்மனை தெரியும் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறதாம், இப்படியே போனால் நெடுநாள் தாங்காதாம் என்று படகோட்டி சொன்னதைச் சொன்னார்.

"நான் கேட்டேனா?" என்றான் மன்னன். ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் ஆற்றைப் பார்த்த சாளரத்தருகே நின்றான். அழைத்துவரச் சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல்தான் வரவில்லை.

வளர்பிறை நாள் வந்தது. பூட்டுத் திறந்தது. வெண்பட்டு சரசரக்க விழுப்பரையர் உள்ளே போனார். சற்று நேரம் மங்கல வாத்தியம் ஒலித்தது. பிறகு வாத்தியத்தில் சேராத ஓர் ஓசை கேட்டது. உள்ளே போனதைவிட வேகமாக வெளியே வந்தார் அதிகாரி. முழங்கால்வரை பட்டின் மேல் கடுகைக் கொட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள். கடுகு குதிப்பதில்லை, இவை குதித்தன.

"நாய்கள் போன செய்தியைத் தெள்ளுகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்" என்றார் இளநாகர். அவை சிரித்தது.

மன்னன் சிரிக்கவில்லை. "நாயே இல்லாத இடத்தில் இவை எப்படி உயிரோடு இருந்தன?"

"நாயின் மேல் இருப்பவை கொஞ்சம், அரசே. முட்டைகள் உதிர்ந்து வைக்கோலிலும் தரை வெடிப்பிலும் கிடக்கும். புழுவாகிக் கூடு கட்டிக்கொண்டு, உள்ளேயே சும்மா இருக்கும். ஒரு காலடியின் அதிர்வும் உடம்பின் சூடும் வரும்வரை பட்டினியாகக் காத்திருக்கும். வந்தவர் நாயா அதிகாரியா என்று பார்ப்பதில்லை. குற்றம் அழுக்கான கொட்டிலுடையது, நாய்களுடையது அன்று."

காலடிக்காகக் காத்திருப்பது என்னவென்று மன்னனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அவையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"ஆணையிட்டது நான். தவறு என்னுடையது" என்றான். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

இளநாகருக்குத் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துப் போர்த்தினான். விழுப்பரையர் கேட்ட கொட்டிலைத் துப்புரவு செய்யும் பொறுப்பை அவரிடமே கொடுத்தான். பழைய வைக்கோலைக் கொளுத்தி, வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்பு பூசி, தரையை வெயிலில் காயவிட்டார்கள். கூட்டுக்குள் பிழைத்தவை வெளிவரும் என்பதால், சில நாள் கழித்து முழு வேலையையும் மறுபடி செய்யவைத்தார் அமைச்சர். துடைப்பம் இருமுறையும் விழுப்பரையர் கையில் இருந்தது.

கொட்டிலும் நாயின் உடம்பும் தூய்மையாகும் முன் அழைத்துவந்தால் எல்லாம் வீண் என்றார் இளநாகர். மன்னன் காத்திருக்கவில்லை, படகேறி அக்கரைக்குப் போனான்.

புகையன் அவனைக் கண்டது. எழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மன்னன் மணலில் உட்கார்ந்தான். அன்று அது அவன் கையால் சோறு தின்னவில்லை. மறுநாள் கொஞ்சம் தின்றது. அவனே அதைக் குளிப்பாட்டினான். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் நாள்தோறும் வாரி, சிக்கிய தெள்ளுகளை உப்புநீரில் போட்டான். சீப்பு வெறுமையாக வரும் நாளில் வீடு திரும்பலாம் என்பது அமைச்சரின் விதி.

ஒரு மாலை, வாரிக்கொண்டிருக்கையில், புகையன் தன் தலையை அவன் முழங்காலின் மேல் வைத்தது. மன்னன் சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. படகோட்டி கயிற்றை அவிழ்த்துவிட்டு நின்றான்.

மன்னன் எழுந்திருக்கவில்லை. வாரிக்கொண்டே இருந்தான்.