செய்து காட்டுங்க சார்

இரண்டாம் வகுப்பு ஒரு நிமிஷம் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் போடச் சொன்னால் ஒன்று ஜன்னலில் ஏறும், இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கல்வி அதிகாரி தணிகாசலம் உள்ளே நுழைந்தார்.

"இது வகுப்பா, சந்தைக்கடையா? அஞ்சு நிமிஷம் ஒரு பிள்ளை அசையக் கூடாது. அசைஞ்சா நாளையிலிருந்து உங்களுக்கு இங்கே வேலை இல்லை!"

எஸ்தர் டீச்சர் தற்காலிக வேலையில் இருப்பவள். ஆனாலும் பதறவில்லை. "சரிங்க சார். இதுங்களுக்கு எதையும் முதல்ல செஞ்சு காட்டணும். பார்த்து அப்படியே செய்யும். நீங்களே உட்கார்ந்து காட்டிடுங்க."

அதிகாரி தரையில் சம்மணமிட்டார். வகுப்பும் சம்மணமிட்டது. அவர் மூக்கைச் சொறிந்தார். எல்லாரும் மூக்கைச் சொறிந்தார்கள். அவர் வாட்சைப் பார்த்தார். எல்லாரும் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

"ஏன் அசையுறீங்க?" என்று கத்தினார்.

"ஏன் அசையுறீங்க?" என்று வகுப்பே அவரைக் கேட்டது.

போதுமடா என்று எழப்போனார். கால் மரத்துப்போயிருந்தது. "டீச்சர், கொஞ்சம் கை கொடுங்கம்மா."

உடனே அத்தனை கைகளும் நீண்டன. "டீச்சர், கொஞ்சம் கை கொடுங்கம்மா!"

"இத்தனை பேரைத் தூக்கிவிடணும்னா நாளைக்கும் நான் வரணுமே சார்?" என்றாள் எஸ்தர்.

தணிகாசலம் வகுப்பை ஒரு தரம் பார்த்தார். குரல் இறங்கியது.

"வாங்கம்மா, வாங்க."

"வாங்கம்மா, வாங்க!" என்று கூரை அதிர்ந்தது.