கப்பல் விலை இறங்கும் வரை

“சிஸ்டர், கப்பலுக்கு எப்ப டிக்கெட் போட்டா விலை குறைவு?”

மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. கேட்டவர் பெனடிக்ட். அரிசி மண்டியில் கொள்முதல் பார்ப்பவர். குன்றின் மேல் கோயிலைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கும் சிஸ்டர் ஜெசிந்தாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார்.

சிஸ்டர் இரண்டு டம்ளரில் சுக்குக் காபி ஊற்றினார். ஒன்று பெனடிக்டுக்கு. மற்றது அவர் மனைவி செலினுக்கு.

“எந்தக் கப்பல்?”

“கடலைச் சுத்திக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்து விடுவாங்களே, அது. இவளுக்கு ஆசை.”

“தக்காளி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவாரு சிஸ்டர்,” என்றாள் செலின். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எப்படி ஒரே வீட்டோட நின்னாரோ.”

சிஸ்டர் சிரித்தார். செலினுக்கு அப்போது நாலாம் மாதம்.

“இப்பவே போகணுமாம்மா?”

செலின் காபியை ஊதினாள்.

“நடுக்கடல் எப்படி இருக்கும்னு பாக்க எங்கம்மாவுக்கு ரொம்ப ஆசையாம். என்னைப் பெத்த அன்னிக்கே இறந்து போயிட்டாங்க. என் பிரசவத்துக்கு முந்தி நான் பாத்துடணும் சிஸ்டர்.”

“இப்படித்தான் ஏதாவது பேசுவா,” என்றார் பெனடிக்ட். “ஆறு மாசம் முடிஞ்சவங்களைத்தான் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. இன்னும் நேரம் கிடக்கு. விலைதான் பிடிபடல. வருஷத்துக்கு முந்தியே போட்டுடணும்னு ஒரு ஏஜென்ட் சொல்றான். காலி அறையை வெச்சுக்கிட்டுப் புறப்பட மாட்டான், கடைசி வாரம் பாதிக்குக் குடுப்பான்னு இன்னொருத்தன். மழைக் காலத்துல ஆள் வராது, அப்பப் போங்கன்னு மூணாவது ஆள். எது சரி?”

“மூணும் சரி.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“விலை இறங்கறப்ப, கூடவே வேற என்ன இறங்குதுன்னு பாருங்க.”



அடுத்த முதல் வெள்ளி. பூசை முடிந்ததும் பெனடிக்ட் முதல் ஆளாக வந்து நின்றார்.

“கூடவே இறங்கறது டீசலா சிஸ்டர்?”

“இல்ல.”

“டாலரா?”

“இல்ல.”

“ஆனா விலை இறங்கியிருக்கு. நான் சொல்லல? நெல்லும் இப்படித்தான். அவசரப்படறவன் தலையில கட்டுவான்.”

“செலின் எங்க?”

“வெரோனிக்கா கிட்ட உக்காந்துட்டா. மூச்சு வாங்குதாம்.”

குன்றுக்கு ஏறும் பாதை நெடுக சிலுவைப் பாதையின் ஸ்தலங்கள் இருந்தன. இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கும் வெரோனிக்கா பாதி வழியில் இருந்தாள்.

சிஸ்டர் சுக்குக் காபி ஊற்றினார். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.



மூன்றாவது முதல் வெள்ளி.

“பாதிக்கு வந்துடுச்சு சிஸ்டர். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு கப்பல் புறப்படுது. அதுலயும் அறை கிடக்கு. நாலு நாள் பொறுத்தா அடுத்த வாரத்துக் கப்பலுக்கு இன்னும் இறங்கும்னு ஏஜென்டே சொல்றான்.”

“அடுத்த வாரம் செலினை ஏத்துவாங்களா?”

“ஏத்துவாங்க, ஏத்துவாங்க. ஒண்ணு ரெண்டு நாள் முன்னப்பின்ன. டாக்டரம்மா மனசு வெச்சா, போகலாம்னு சீட்டு எழுதிக் குடுக்க மாட்டாங்களா?”

“இப்ப அவ எங்க?”

“கீழ. இன்னிக்கு ஏறவே இல்ல.”

சிஸ்டர் ஒரு டம்ளரை நிரப்பினார். ஆவி பறந்தது. அதை பெனடிக்ட் கையில் கொடுத்தார்.

“சூடா குடுத்துட்டு வாங்க.”

பெனடிக்ட் இறங்கினார்.

வேகமாக நடந்தால் சிந்தியது. மெதுவாக நடந்தால் ஆறியது.

வெரோனிக்காவிடம் வரும்போது ஆவி இருந்தது. போன மாதம் செலின் உட்கார்ந்திருந்த கல் வெயிலில் காலியாகக் கிடந்தது. அதற்கு முந்தின மாதம் அவள் மேலே, சிஸ்டர் பக்கத்தில் நின்று காபியை ஊதியது ஞாபகம் வந்தது.

அவர் கொஞ்சம் வேகமாக நடந்தார். விரலில் காபி வழிந்தது.

மகனைத் தாய் சந்திக்கும் ஸ்தலம். மாதா வழியை மறித்து நின்றிருந்தாள். டம்ளரைப் பார்த்தார். ஆவி இல்லை.

அடிவாரத்தில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், செலின் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின் அடியில் இருந்தது. கண் பாதையிலேயே இருந்தது.

“எனக்கா? இவ்வளவு தூரம் தூக்கிட்டா வந்தீங்க?”

வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

“ஆறிப்போச்சு,” என்றாள். “பரவால்ல.” மிச்சத்தையும் குடித்தாள்.

பெனடிக்ட் திரும்பி மேலே பார்த்தார். கோயில் மிகச் சிறியதாகத் தெரிந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஏஜென்ட்.

“சார், செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுங்க. கண்டிப்பா இறங்கும்.”

“ஞாயித்துக்கிழமைக் கப்பல்ல கடல் தெரியற ஜன்னலோட அறை இருக்கா?”

“அது விலை கூட சார்.”

“இருக்கான்னுதான் கேட்டேன்.”