தங்க உருண்டையும் உறைந்த எண்ணெயும்

பனி கொட்டும் மலைநாடு ஒன்றை அந்தக் காலத்தில் மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கோபக்காரன், அதைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. அடுப்பில் காய்ந்த தண்ணீர் காலில் பட்டால் ஆயுள் குறையும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் பணிப்பெண் வேலாத்தாள் ஓர் இரும்பு உருண்டையைக் கொதிக்கும் அண்டாவில் போட்டெடுத்து, இரண்டு படி பச்சைத் தண்ணீரில் இறக்குவாள். தண்ணீர் இதமாகச் சூடேறும். ராஜா கால் கழுவுவான்.

அவளை வேலைக்கு வைத்தவர் மந்திரி தில்லைவளவர். அவரைக் கண்டாலே பொக்கிஷக் காப்பாளர் செங்கோடருக்கு ஆகாது. "மகாராஜா பாதத்துக்கு இரும்பா?" என்று அதே எடையில் தங்க உருண்டை செய்து கொடுத்தார்.

மறுநாள் தண்ணீர் சில்லென்று இருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

"எனக்கு ஜன்னி வரவைக்கப் பார்க்கிறாயா?" என்று ராஜா கத்தினான்.

"எப்போதும் போலத்தான் கொதிக்க வைத்தேன், சாமி." என்றாள் வேலாத்தாள்.

"எல்லாம் மந்திரி ஏவிய சதி, மகாராஜா!" என்றார் செங்கோடர்.

"நாளைக்கும் சுடாவிட்டால் இவள் கைகள் கொதிக்கும் அண்டாவுக்குள்!" என்றான் ராஜா.

அன்று முழுக்க அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவை வெந்துபோனால் வீட்டிலிருக்கும் குழந்தைக்கு யார் சோறூட்டுவது?

விடிந்ததும் சபைக்கே அண்டா வந்தது.

மந்திரி எழுந்தார். "இன்று செங்கோடரே தங்க உருண்டையைப் போடட்டும். தண்ணீர் சுட்டால் இவள் கையோடு என் கையும் அண்டாவுக்குள். சுடாவிட்டால் அவர் கை."

"ஆகட்டும்! பொன்னுக்கு இல்லாத சூடா?" என்றார் செங்கோடர்.

ஒரே அண்டாவில் இரண்டு உருண்டைகளும் கொதித்தன. இரண்டு பாத்திரங்களில் ஒரே அளவு தண்ணீர். இரண்டிலும் பனியில் உறைந்த தேங்காய் எண்ணெய்க் கட்டியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மந்திரி மிதக்கவிட்டார். செங்கோடர் இடுக்கியால் உருண்டைகளை இறக்கினார்.

இரும்பு இறங்கிய தண்ணீரில் எண்ணெய் உருகி ஓடியது. தங்கம் இறங்கியதில் கட்டி அப்படியே வெள்ளையாய் நின்றது.

"கையால் தொட்டால் ஆளுக்கொரு சூடு சொல்வோம். எண்ணெய்க்கு யார்மேலும் பகை இல்லை, மகாராஜா. உருண்டை இழந்த சூடுதான் தண்ணீருக்கு வரும். ஒரே எடைக்கு இரும்பைவிடத் தங்கம் கொஞ்சம்தான் வாங்கும், கொஞ்சம்தான் கொடுக்கும்" என்றார் மந்திரி.

"செங்கோடரே, கைகளை நீட்டும்!" என்றான் ராஜா.

அவர் கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு அழுதார். வேலாத்தாள் குறுக்கே விழுந்தாள்: "வேண்டாம் சாமி! வெந்த கையால் என்ன செய்வார்? இனி அந்தக் கையாலேயே தினமும் இரும்பைத் தூக்கட்டும்."

ராஜா சிரித்துவிட்டான். அன்றிலிருந்து கால்கழுவும் தண்ணீர் செங்கோடர் பொறுப்பு. தங்க உருண்டை வேலாத்தாளுக்குப் பரிசு. அதை வாங்கும்போதும் அவள் கண் அண்டாவை விட்டு நகரவில்லை.