அறுபத்தொரு கட்டையா, எண்பத்தெட்டா?

பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஆவுடையப்பனிடம் ஒரு மெட்டு இருந்தது. கல்யாணத்துக்கு முந்தி, தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அது தலைக்குள் வந்தது. ஐம்பது வயதை நெருங்கியும் தினமும் ஒரு தடவையாவது உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் அவர் அதைப் பாடிக் காட்டியதில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்பார்.

கல்யாணமான புதிதில் மனைவி செண்பகவல்லியிடம், "உனக்குன்னு ஒரு பாட்டு வச்சிருக்கேன்" என்று ஒரு வாக்கு கொடுத்திருந்தார். அந்த அம்மாள் சில வருஷம் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்டதுதான் அவரை உறுத்தியது. ஒரு கீபோர்டு வாங்கி வீட்டில் வைத்து, அந்த மெட்டை முறையாக வாசித்து, அவளை உட்காரவைத்துக் கேட்கச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

முடிவு செய்து பல வருஷம் ஆயிற்று. கீபோர்டுதான் வரவில்லை.

அறுபத்தொரு கட்டை தாராளம் என்றது ஒரு வீடியோ. எண்பத்தெட்டு இல்லாததை வீட்டுக்குள்ளேயே விடாதே என்றது இன்னொன்று. கட்டை பியானோ மாதிரி கனமாக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். விரல் வலிக்கும் என்று அதன் கீழேயே வேறொருவர் எழுதியிருந்தார். சின்தசைசர் வாங்கினால் சத்தத்தையே நாம் சமைத்துக்கொள்ளலாம் என்று படித்த அன்று ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் மெட்டுக்கு இதுவரை உலகத்தில் இல்லாத ஒரு சத்தம்தான் பொருந்தும் என்று தோன்றியது. மறுநாள், புதிதாகப் பழகுகிறவர்கள் அதன் திருகு குமிழ்களுக்குள் காணாமல் போய்விடுவார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. கடைக்குப் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால், அதைவிட நல்லது தீபாவளிக்கு வரப்போகிறது என்று சேதி வரும்.

கடைசியில், தெரிந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று பியூலா டீச்சரிடம் போனார்.

பியூலாவுக்கு முப்பது வயது முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் வாசிப்பார். மற்ற நாட்களில் தையல்கடைக்கு மேலே ஓர் அறையில் கீபோர்டு சொல்லிக்கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். ஆவுடையப்பன் அரைமணி நேரம் பேசினார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொத்தத்துல, நான் எதை வாங்கணும் டீச்சர்?"

"எதுக்கு சார்?"

"ஒரு மெட்டு இருக்கு."

டீச்சர் தன் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார். "வாசிங்க."

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டார். "இதுல வராது டீச்சர். கட்டை பத்தாது."

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. நாளைக்கு ஒரு நர்சம்மா கீபோர்டு வாங்க யோசனை கேட்டு வரப்போகிறார், தனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது, சார் கடைக்கு அனுப்பிவைக்கலாமா என்று மட்டும் கேட்டார். ஆவுடையப்பனுக்குப் பெருமையாக இருந்தது. அனுப்பச் சொன்னார்.

நர்சம்மா வந்தார். எங்கே வைத்து வாசிப்பீர்கள், யார் கேட்பார்கள், ராத்திரி டியூட்டி முடிந்து வந்து வாசித்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்களா என்று ஆவுடையப்பன் கேட்டார். ஒரு கண்ணாடியைத் துடைத்து முடிக்கும் நேரத்தில், இன்னதை வாங்குங்கள், கூட ஒரு ஹெட்போனும் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அப்படியே வாங்கினார். அடுத்து ஒரு கண்டக்டரை டீச்சர் அனுப்பினார். அவரும் வாங்கினார். விஷயம் பரவி, கண்ணாடிக்கு வருகிறவர்களைவிடக் கீபோர்டுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். ஆவுடையப்பன் சொன்னதை வாங்கி ஒருவரும் வருத்தப்படவில்லை.

ஒருநாள் தையல்கடைப் பக்கம் போனபோது மாடியில் யாரோ இரண்டு கையாலும் ஞானப்பாட்டு வாசிப்பது கேட்டது. மேலே போய்ப் பார்த்தார். நர்சம்மா. ஆவுடையப்பனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அந்த அம்மாள் எழுந்து போகும்வரை காத்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லுதேன் டீச்சர். சொன்ன மாத்திரத்துல சரியா அமையுது. எனக்குன்னு வரும்போது மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது?"

"அதுக்கு முன்னால இன்னொருத்தர் கேட்டிருக்கார் சார். அவருக்கு ஒண்ணு சொல்லிருங்க."

"சொல்லுங்க."

"ஐம்பது வயசு இருக்கும். சின்ன வீடு. இதுவரைக்கும் ஒரு கட்டையத் தொட்டதில்ல. ஒரே ஒரு பாட்டு வாசிக்கணுமாம். ரொம்ப வருஷமா எது வாங்கலாம்னு பாத்துக்கிட்டே இருக்காராம்."

ஆவுடையப்பன் தொழில் முகத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அவருக்கு எதுக்குப் புதுசு? சின்னதா, பழசா ஒண்ணு போதும். ஆனா நீங்க எதச் சொன்னாலும் அந்த ஆள் வாங்க மாட்டார் டீச்சர்."

"ஏன் சார்?"

"நம்ம கடைக்கும் இந்த மாதிரி ஆளுங்க வருவாங்கள்லா. இருக்கிற பிரேமையெல்லாம் போட்டுப் பாப்பாங்க. கண்ணாடி முன்னால நின்னு இடமும் வலமும் திரும்புவாங்க. சரி, உள்ள வாங்க, கண்ணை டெஸ்ட் பண்ணிருவோம்னு சொன்னா, நாளைக்கு வாரேன்னு கிளம்பிருவாங்க. பிரேமெல்லாம் சும்மா. கண்ணு எந்த லெச்சணத்துல இருக்குன்னு தெரிஞ்சிருமே, அந்த பயம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கீழே தையல் மிஷின் ஓடி நின்றது.

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அவர் பேர் என்ன டீச்சர்?"

"பேர் கேக்கல சார். கடை வச்சிருக்காராம்."

அந்த வாரமே, மாற்றலாகிப் போகும் ஒரு தாசில்தார் ஆபீஸ்காரரிடமிருந்து ஒரு பழைய சிறிய கீபோர்டை வாங்கினார். பேரம் பேசவில்லை. எத்தனை கட்டை என்று எண்ணவும் இல்லை. எண்ணினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒற்றை விரலால் தேட ஆரம்பித்தார். செண்பகவல்லி அடுக்களையில் இருந்தாள். முதல் சுரம் கிடைக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முழு மெட்டும் கைக்கு வந்துவிட்டது. ஒரு மூச்சு இழுத்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

முடிந்துவிட்டது.

எங்கேயோ விட்டுவிட்டோம் என்று நினைத்து இன்னொரு தடவை வாசித்தார். அதே அளவுதான். தலைக்குள் அதற்கு வயலின்கள் இருந்தன. கடலலை இருந்தது. கடைசி வரியில் சபை முழுதும் எழுந்து நிற்கும். வெளியே வந்தது நாலு படி ஏறியது, நாலு படி இறங்கியது. அவ்வளவுதான்.

செண்பகவல்லி பச்சை வாளியையும் நீல வாளியையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு அடுக்களையிலிருந்து வேகமாக வந்தாள். வாசலைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"குப்பை வண்டிப் பாட்டுச் சத்தம் கேட்டுச்சே?"

ஆவுடையப்பன் கட்டையிலிருந்து விரலை எடுத்தார். "அடுத்த தெருவுல இருக்கும்" என்றார்.

அவள் வாளிகளோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. கீபோர்டை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மேசைமேல் வைத்து, "இது கோளாறு டீச்சர்" என்றார்.

"வாசிங்க."

வாசித்தார். டீச்சர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தார். வீட்டம்மா கேட்டார்களா, என்ன சொன்னார்கள் என்று விசாரித்தார் டீச்சர். ஆவுடையப்பன் மறைக்கவில்லை. இரண்டு வாளியையும் சொன்னார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்து ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டபோது அது சிரிப்பின் நீராகத் தெரியவில்லை.

"உள்ள இருந்த வரைக்கும் எவ்வளவு பெரிசா இருந்துச்சு தெரியுமா டீச்சர்? உண்மையச் சொல்லுங்க. தப்பு கீபோர்டுலயா, மெட்டுலயா?"

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அப்புறம் வீட்டம்மா ஒண்ணும் சொல்லலயா சார்?"

"இன்னிக்குக் காலைல பாத்திரம் கழுவும்போது அதையே முணுமுணுத்துக்கிட்டு இருந்தா. கவனிச்சா என் மெட்டு. என்னன்னு கேட்டேன். அந்தப் பாழாப்போன வண்டிச் சத்தம் நேத்துலருந்து தலையில ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்குதுன்னு திட்டுதா."

"உங்க தலையில?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பதில் சொல்லுமுன் நின்று, உள்ளே காது கொடுத்துக் கேட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்தும் கேட்டுப் பார்த்தார். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணும் கேக்கல டீச்சர்" என்றார். "காலியா இருக்கு."

பியூலா டீச்சர் போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். நாற்காலியை இழுத்துக் கீபோர்டுக்கு முன்னால் போட்டார்.

"அப்போ உள்ள இருந்தது முழுசா வெளிய வந்துருச்சு. கீபோர்டுல ஒரு கோளாறும் இல்ல சார். உக்காருங்க. அடுத்த மெட்டு வரும்போது இதுக்குப் பக்கத்துல ஆள் இருக்கணும்லா."