பெங்குவினுக்குச் சாம்பார் ஊற்றிய லம்பர்ட்

கோயில் திருவிழாவின் கடைசி நாள் அசனத்துக்கு, அதாவது ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு, யாரைச் சமைக்க விடுவது என்று பேசக் கூடியிருந்தோம். தலைவர் பெர்க்மான்ஸ், செயலாளர் டெல்பின் அக்கா, நான். வெளியூர் ஆளை வைக்கலாம் என்று முடிவாகப் போன நேரத்தில் லம்பர்ட் அண்ணன் உள்ளே வந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உலகத்துக்கே பொங்கிப் போட்டவன் உள்ளூர்ல சும்மா கெடக்கேன். நீங்க வெளியூருக்கு ஆள் அனுப்புதீங்களாக்கும்?"

பெர்க்மான்ஸ் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"தென் துருவத்துல எங்க கப்பல் பனியில மாட்டிக்கிட்டு. சாம்பார் வச்சேன். தாளிச்சதுதான் தாமதம், பெங்குவின் எல்லாம் வரிசையில வந்து நிக்கு. ஒண்ணை ஒண்ணு இடிக்கல. நம்ம ஆளுகளை விட ஒழுங்கு, பாத்துக்கிடுங்க."

"பெங்குவின் மீன்தானேண்ணே திங்கும்?" என்றேன்.

"அதுவரைக்கும் மீன்தான் தின்னுச்சு. பாவம், வேற என்ன கெடச்சுது அதுக்கு? கறிவேப்பிலைய மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சிருச்சு."

டெல்பின் அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. "மேல சொல்லுங்க."

அது போதுமே அவருக்கு. "ஐஸ்லாந்துல பூமிக்குள்ளேருந்து கொதிதண்ணி பீச்சி அடிக்கும். கப்பல்ல கேஸ் தீந்துபோன நேரம். மாவைத் துணியில கட்டி அது வாயில வச்சேன். ஒரே பீச்சு! மேல போகையில மாவு, கீழ வரையில புட்டு. தேங்காய்ப்பூவை வழியிலேயே தூவிட்டேன்."

"வழியிலயா? எவ்வளவு உயரம் போச்சு?" பெர்க்மான்ஸ் கேட்டார்.

"அண்ணாந்து பாத்த கேப்டனுக்குக் கழுத்து இன்னும் நேராகல. சரி, நீலத்திமிங்கலம். அது நாக்கு மட்டுமே ஒரு யானை எடை இருக்கும், தெரியும்லா?"

"அது நெசந்தான்" என்றேன். எங்கோ படித்திருந்தேன்.

"கேட்டீங்களா, இவனே சொல்லிட்டான்!" என்று அதுவரை சொன்னதற்கெல்லாம் என்னையே சாட்சியாக்கிக்கொண்டார். "அந்த நாக்குல நின்னு ஒரு கரண்டி குழம்பு ஊத்தி, உப்பு சரியான்னு கேட்டேன். சரின்னு தலைய ஆட்டுச்சு. ரெண்டு தீவு முங்கிப்போச்சு."

"ஆளுக இருந்த தீவா?" என்றார் பெர்க்மான்ஸ்.

"ஆளில்லாத் தீவுதான் வே. நான் என்ன கொலகாரனா?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எகிப்துல பிரமிடுக்குப் பக்கத்துல ரசம் வச்சேன். மிளகு, பூண்டு, தட்டிப் போட்ட சீரகம். வாசம் உள்ள போயிருக்கு. மூவாயிரம் வருசமா துணி சுத்திக் கெடந்த ராசா எந்திரிச்சு வந்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்து'ங்கான்."

"தமிழ்லயா?" என்றேன்.

"ரசம் கேக்கவன் வேற எந்தப் பாஷையில கேப்பான்?"

டெல்பின் அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"நம்புதேண்ணே. மூவாயிரம் வருசம் படுத்துக் கெடந்தவனை எழுப்பி விட்ட கை இது. இதே கைதான் உங்க மக நிச்சயதார்த்தத்துக்கு நடந்து வந்த எங்களையெல்லாம் ஆஸ்பத்திரியில படுக்க வச்சது. சம்பந்திக்குக் குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருக்கும்போதுதான தட்டு மாத்துனீங்க?"

லம்பர்ட் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பெர்க்மான்ஸுக்கே மனசு கேட்கவில்லை.

"சமையலுக்கு வெளியூர் ஆளே வரட்டும். பந்தியில தண்ணி ஊத்துத பொறுப்பு மட்டும் உங்களுக்குண்ணே. சரிதானா?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தோம். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார்.

"தண்ணியா? நயாகரா ஒருநா வத்திப்போச்சு. யாரைக் கூப்பிட்டானுவன்னு நெனைக்கீங்க?"