ஜீவவிருட்சப் பலகை

ஏட்டி, கண்ணை மூடு. மத்தியானம் கொஞ்சம் படுத்தாத்தான் சாயங்கால ஆராதனையில தூங்கி விழமாட்ட. அத்தை கதை சொல்லுதேன், நீ ம் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு கோயில், கோயில் முற்றத்துல ரெண்டு மரம். ஒண்ணு நாவல், ஒண்ணு கொய்யா. கொய்யாவை வச்சது ஞானவடிவு, கோயிலைப் பெருக்குறவ. அவ பெத்த ஒரே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு வச்ச கன்று. பிள்ளை காய்ச்சல்ல போயிட்டு. மரம் மட்டும் நிக்கு. ம்?

அப்போ அந்த ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கப் புது உபதேசியார் வந்தாரு. ரொம்பப் படிச்சவராம், சும்மா இருப்பாரா? லீவுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதேன் தோட்டம் காட்டுதேன்னு ரெண்டு பலகை எழுதிக் கட்டுனாரு. நாவல்ல ‘நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்’. கொய்யாவுல ‘ஜீவவிருட்சம்’, தின்னவனுக்குச் சாவே கிடையாதுன்னு வேதத்துல வர்ற மரம். ஜீவவிருட்சத்துக்கு ஆண்டவர் பட்டயத்தை, அதான் நெருப்பு வாளை, காவல் வச்சது மனுஷனைத் தண்டிக்கத்தான்னு பாடமும் நடத்துனாரு. லீவு முடிஞ்சுது. பலகையைக் கழத்த அந்தப் பெரிய மனுஷனுக்கு நேரமில்லை.

அப்புறம் நாவப்பழம் பொத்து பொத்துன்னு விழுது, ஒருத்தன் குனியலை. ஆதாம் பண்ணுன தப்பை நாங்க பண்ணமாட்டோம்னு அப்படி ஒரு பெருமை. கொய்யாகிட்டத்தான் வந்தாவ. முதல்ல பரிமளம். மாமியாருக்கு மூச்சிரைப்பு, நாலு இலை போதும்னா. சரக்கு சரக்குன்னு ஒரு சாக்கு உருவிட்டுப் போனா. ரெண்டாவது துரைச்சாமி, மூட்டுவலிக்குன்னு பட்டையைப் பரட்டு பரட்டுன்னு உரிச்சான். மூணாவது சபைக் கமிட்டிக்காரர் சூசையடியான். அவருக்கு ஒரு நோவும் கிடையாது. சாகக் கூடாதாம், அவ்வளவுதான். மண்வெட்டியோட வந்து வேரைத் தோண்டுனாரு, ணங்கு ணங்குன்னு.

ஞானவடிவு ஓடி வந்து, ஐயா இது சந்தையில வாங்குன கன்று, என் பிள்ளை ஞாபகமா வச்சதுன்னு அழுதா.

“பலகையில எழுதியிருக்குல்லா? உனக்கு வாசிக்கத் தெரியாதா?”ன்னாரு அவரு.

உபதேசியார்ட்ட போனா. ஜனங்க விசுவாசத்தைக் கெடுக்காதேன்னுட்டாரு. எனக்கு இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது. தூங்கிட்டியா? ம்.

மறுநாள் விடியக்கால பெருக்க வந்தவ, ரெண்டு பலகையையும் அவுத்தா. நாவல்ல இருந்ததைக் கொய்யாவுல கட்டுனா. ஜீவவிருட்சத்தைக் கொண்டுபோய் உபதேசியார் வீட்டு முருங்கையில கட்டுனா.

சூசையடியான் மண்வெட்டியோட வந்தாரு. கொய்யாவுல பலகையை வாசிச்சாரு. ரெண்டடி பின்னால போயிட்டாரு. நேத்துத் தோண்டுன மரமாச்சேன்னு ஒரு ஞாபகம் வரணுமே? அவரு ஜீவவிருட்சப் பலகையைத் தேடி முருங்கைக்குப் போயிட்டாரு, ஊரும் பின்னாலயே போச்சுது.

மத்தியானத்துக்குள்ள முருங்கை மொட்டை. உபதேசியார் கம்பை ஓங்கிக்கிட்டு, கிட்ட வராதீங்கன்னு மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடுதாரு. அப்போ ஞானவடிவு விளக்குமாத்தோட அந்தப் பக்கம் போனா, நின்னா.

“ஐயா, அந்தப் பட்டயம் மனுஷனைத் தண்டிக்க இல்லை. மரத்தைக் காப்பாத்த”ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

கொய்யா அடுத்த மழைக்குத் துளிர்த்துட்டு. நாவலுக்குப் பலகை போச்சா, மறுநாளே ஊரு பொறுக்குன பொறுக்குல கீழ ஒரு பழம் கிடையாது.

கதை கொய்யாமரத்துல ஏறிட்டு, நீ தூக்கத்துல இறங்கு.